மேட்ச் பார்க்க வாங்கிய ஷூ

எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தேன். சம்பளத்துக்கு ஆடும் வெளிநாட்டுக் கூடைப்பந்து அணி மெட்ராஸ் வருகிறது என்றதும் டிக்கெட் எடுத்து, புது கேன்வாஸ் ஷூவும் வாங்கினேன்.

ஆட்டத்தன்று பஸ்ஸைப் பிடிக்க உப்பள வரப்பில் ஓடினேன். வெறுங்காலாக இருந்திருந்தால் மண் இளகியிருந்தது பாதத்துக்கே தெரிந்திருக்கும். வரப்பு சரிந்து, வாய்க்கால் சேற்றில் இடுப்பளவு இறங்கிவிட்டேன். அசைய அசைய உள்ளே இழுத்தது.

கூட்டாளி அந்தோணி உப்பு வாரும் பலகையை நீட்டினான். "டேய், ஆடாத! இதப் புடி!"

சேறு மார்பைத் தொட்டது. "கால் வரலடா!"

"ஷூவ உட்டுட்டு வாடா!"

பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உருவினேன்; அந்தோணி இழுத்து மேலே ஏற்றினான். ஷூ உள்ளேயே போனது.

அந்தோணியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடுதான் ஆட்டம் பார்த்தேன். இன்றும் ஷூ போடுகிறேன். ஆனால் உப்பளப் பக்கம் போனால், வரப்பு முடிந்து தார் ரோடு வரும்வரை அது என் கையில்தான் இருக்கும்.