புகை வெளியே வந்த இடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரை பொய் சொன்னார். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சோற்றைக் கண்டபடி கொட்டுவதால்தான் பெருச்சாளி பெருகி, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைக் குடைகிறது என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். நாங்கள் சாப்பிடவே அளந்துதான் போடுகிறோம். கொட்டுவதற்குச் சோறு எங்கே இருக்கிறது?

மேடு எங்கள் குசினி அடுப்புச் சுவரிலிருந்து நாலே எட்டுத் தூரம். அதற்கு மேலே தோட்டத்து ரோடு. ரோட்டோரமாக மழைத்தண்ணீர் ஓடும் கான். மேடு சரிந்தால் முதலில் போவது என் வீடும் பக்கத்து வீட்டு மதினியின் வீடும்தான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. பெருச்சாளியை மூழ்கடிக்கலாம் என்று ரப்பர் குழாயை வளைக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். தேயிலை மலையில் இருந்து வந்த மதினி கொழுந்துப் பையைக்கூட இறக்காமல் போய்ப் பைப்பை மூடினார்.

"மீரியபெத்தைத் தோட்டத்த மண்ணு சரிஞ்சு மூடுனப்ப டீவி முன்னால உக்காந்து அழுதீங்க. இப்ப நீங்களே மேட்டுக்குத் தண்ணி காட்டுறீங்க. பெருச்சாளிக்கு இருக்கிற புத்திகூட இல்லையே, கொழுந்தனாரே."

நான் குழாயை வளையிலிருந்து உருவினேன்.

பிறகு அவர் செய்ததைப் போல ஒரு சுத்தமான வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று நாள் ஒவ்வொரு வளை வாயிலும் அடுப்புச் சாம்பலைத் தூவி, காலையில் தடம் பார்த்தார். பதினோரு வளையில் நாலில்தான் நடமாட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய பால்மா டின்னின் அடியில் ஓட்டை போட்டு, தேங்காய்த் தும்பும் காய்ந்த மிளகாயும் நிரப்பித் தீ வைத்தார். கீழ் வளையில் டின்னைப் பொருத்தி, ஊதுகுழலால் ஊதினார். நானும் லயத்துப் பெண்கள் சிலரும் பிசைந்த களிமண்ணோடு நின்றோம். புகை வந்த வாயையெல்லாம் அடைத்தோம். கண்ணும் மூக்கும் ஒழுகின. அவர் மட்டும் ஊதுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் புகை மேலே, ரோட்டோரக் கானுக்குள் இருந்து வந்தது. கானின் அடித்தளம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அதன் வழியாக மூன்று பெருச்சாளிகள் ஏறித் துரையின் பங்களாப் பக்கம் ஓடின.

"போகட்டும்," என்றார் மதினி. "அங்கதான் சோறு மிஞ்சும்."

வளைகளுக்குள் கல்லும் உடைந்த போத்தலும் களிமண்ணும் போட்டு உலக்கையால் இடித்து இறுக்கினோம். பெருச்சாளி திரும்பவில்லை. ஆனால் கான் வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. அந்த வெடிப்பில் நாங்கள் அடைத்த மண்ணை முதல் மழையே கொண்டுபோனது. மேட்டுக்குள் தண்ணீர் இறங்குவது அந்த வழியாகத்தான். மதினி திங்கட்கிழமைப் பெரட்டிலேயே துரையிடம் இதைச் சொன்னார். எலிப்புகையெல்லாம் ஒரு சாட்சியா என்று சிரித்துவிட்டு, கான் நன்றாகத்தான் இருக்கிறது, வேலைக்குப் போங்கள் என்றார் துரை. வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மழை இருட்டினாலே மதினி மண்வெட்டியோடும் தகரத்தோடும் மேலே ஏறித் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார். பகல் முழுக்கக் கொழுந்து எடுத்த உடம்பு அது. அவர் நிற்பதால்தான் என் சுவரும் நிற்கிறது.

துரை அவர்களே, என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். எந்தப் பெரட்டில் எங்கள் சோற்றைக் குறை சொன்னீர்களோ, அதே பெரட்டில், அதே ஆட்கள் முன்னால் நின்று சொல்லுங்கள். புகை எங்கே வந்தது? அந்தக் கான் யாருடையது?