திபுர்சியோவின் சுவரில் இரண்டு ஓட்டைகள்

எங்கள் சான் ஹசிந்தோ ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவர் மேஸ்திரி திபுர்சியோ. மீதியைக் கடவுள் கட்டியிருப்பார் போல; அவை ஒழுகும். தன் வீட்டையும் அவரே கட்டினார். கான்கிரீட் கூரை, மேற்கே ஒரு சன்னல்கூட இல்லாத முழுச்சுவர். நிலநடுக்கம் மூன்று முறை வந்து, தட்டிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. ஆனால் ஏப்ரல் வந்தால் அது வீடில்லை, ரொட்டி அடுப்பு. அந்தக் கூரையில் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து நானே சாப்பிட்டிருக்கிறேன். கொஞ்சம் சிமெண்ட் வாசனை, வேறு குறையில்லை.

நாற்பது வருடத் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பிப்ரவரியில் மருத்துவர் கறாராகச் சொன்னார்: இந்த வெக்கையை நெஞ்சு தாங்காது. ஏப்ரல் முடிவதற்குள் வீடு குளிர வேண்டும், இல்லையென்றால் அவர் பூயெப்லா நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே குளிர்ச்சி உண்டு. ஆனால் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். மனைவி சென்ச்சா இங்கேயே இருக்க வேண்டியதுதான். முப்பத்தேழு வருடத்தில் இருவரும் பிரிந்து படுத்ததில்லை. சண்டை போட்ட நாட்களிலும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்களே தவிர, ஒரே கட்டிலில்தான்.

சென்ச்சா கல்யாண உடைகள் தைக்கிறவள், வயது ஐம்பத்தொன்பது. சூழலைக் கெடுக்காமல் வீட்டை அமைப்பது பற்றி நகராட்சி மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

திபுர்சியோவுக்கு முகம் தொங்கிவிட்டது.

“மேஸ்திரி பொண்டாட்டி வீடு கட்டக் கத்துக்கப் போறாளாம்! ஊரே சிரிக்குது, கிழவி.”

“சிரிக்கட்டும். நீ மூச்சு விடணும் கிழவா, அதான் எனக்கு வேணும்.”

“என் வீட்டை இடிக்கச் சொல்வாங்க, பாரு.”

சொல்லவில்லை. இதாந்தெவி என்ற அந்த இளம் ஆசிரியை முதல் நாளே, “நிக்கிற வீட்டை இடிச்சிட்டு இன்னொண்ணு கட்டுற மாதிரி வீண் வேலை உலகத்துலேயே இல்ல. இருக்கறதை முதல்ல கவனிங்க” என்றுதான் சொன்னாள். ஆளுக்கொரு வெப்பமானியும் கொடுத்தாள். சென்ச்சா ஒரு வாரம் அதைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தாள். மாலை நான்கு மணிக்கு அறைக்குள் முப்பத்தெட்டு. மேற்குச் சுவர் கொதித்தது. உச்சிக்கு ஏறிய சூட்டுக்கு வெளியே போக வழியில்லை.

கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் சுண்ணாம்பு வெள்ளை, சுவருக்கு முன்னால் நாணல் தட்டியில் சௌசௌக் கொடி, சுவரின் உச்சியில் இரண்டு ஓட்டைகள் என்று முடிவாயிற்று.

“ஓட்டையா? என் சுவத்துலயா?” என்று கேட்டவர் நாற்காலியை இழுத்து அந்தச் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதைப் பிறகு பார்ப்போம் என்று சென்ச்சா சுண்ணாம்பில் இறங்கினாள். சப்பாத்திக்கள்ளி மடலை வெறும் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கொழகொழ நீரைச் சுண்ணாம்பில் கலந்தால் வெள்ளை சுவரை விட்டுப் போகாது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் கள்ளி மடலைக் கண்டால் கை தானாக அடுப்புக்குப் போகும். வெங்காயமும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, மடலைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, வடித்த நீரைச் சுண்ணாம்பு வாளியில் ஊற்றினாள். எதையும் வீணாக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்களே!

மூன்றாம் நாள் சுவரில் உப்புப் பூத்தது. நான்காம் நாள் ஆடுகள் வந்தன. முதலில் பக்கத்து வீட்டு எதுவிஹெஸின் ஆடு, பிறகு ஊர் ஆடுகள், பிறகு, சத்தியமாக, மலைக்கு அந்தப் பக்கத்து ஆடுகள். பதினேழு நாக்குகள் சுவரை நக்கின. ஒரு கழுதை தன் முறைக்காகக் காத்திருந்தது.

“ஏய் சென்ச்சா! வெள்ளையடிச்சியா, சூப்பு வச்சியா?” வேலிக்கு அப்பாலிருந்து எதுவிஹெஸ் கத்தினாள். “அடுத்த தடவை எலுமிச்சம்பழமும் பிழிஞ்சிடு!”

சென்ச்சா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். அன்று ஏப்ரல் பதினொன்று.

உள்ளே இருமல் சத்தம் கேட்டு ஓடினாள். தெற்குச் சன்னலில் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்திருந்த திபுர்சியோ சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரமாயிற்று. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“நான் போயிட்டா உன்னைப் பாத்து யாரு இப்படிச் சிரிப்பா?”

“போகக் கூடாதுன்னுதானே இந்தப் பாடெல்லாம்.”

அவர் சுவரின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாற்காலியை வெளிய போடு. துணியில கோடு போடுற சாக்பீசைக் கொண்டா.”

முப்பது வருடத்துக்கு முன் கட்டிய சுவர். எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம். தூசி எட்டாத தூரத்தில் அவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஏணியில் நின்று அவள் கோடு போட்டாள்.

“இடது பக்கம் தள்ளு. அங்க வேணாம், கம்பி இருக்கு. அப்ப நீ பொண்ணை வயித்துல வச்சுக்கிட்டு அதைப் பிடிச்சுக் குடுத்தே. இன்னும் ரெண்டு விரல். ஆங், அங்கதான். அடி.”

“தப்பா அடிச்சிட்டா?”

“பட்டுல கத்தரியைத் தப்பா வைப்பியா? அடி, கிழவி!”

இரண்டு ஓட்டைகள் விழுந்தன. கல்யாண முக்காட்டில் மிஞ்சிய வலைத்துணியை அவற்றுக்குத் தைத்துப் பொருத்தினாள். சுவரை மூன்று முறை கழுவி, உப்பில்லாத கள்ளி நீரில் மறுபடி வெள்ளையடித்தாள், கூரைக்கும் அதுவே. நாணல் தட்டியில் சௌசௌக் கொடி ஏறிய வேகத்தில் ஒரு கோழி சிக்கிக்கொண்டது என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது நான்தான். சோபாவின் பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டுப் பருத்தியில் தைத்துப் போட்டாள்.

ஏப்ரல் இருபத்தெட்டு, மாலை நான்கு மணி. முப்பது. அவர் நம்பாமல் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மறுநாள் மருத்துவர் வந்தார். குழாயை வைத்து நெஞ்சையும், கையை வைத்துச் சுவரையும் பார்த்துவிட்டு, “இங்கேயே இருக்கலாம்” என்றார்.

மே மூன்றாம் தேதி திருச்சிலுவை நாள், கொத்தனார்களின் திருநாள். அன்று வேலை நடக்கும் கட்டடத்தில் பூச்சிலுவை ஏறும். வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்காரர் சமைத்துப் போட வேண்டும். சென்ச்சா எழுந்து வந்தபோது, இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே காகிதப்பூவில் கட்டிய சிலுவை தொங்கியது. மிளகாய் வறுக்கும் புகை தன் நெஞ்சுக்கு ஆகாதென்று எதுவிஹெஸிடம் மோலே என்ற மிளகாய்க் குழம்பு விழுதை வாங்கிக் கரைத்திருந்தார் திபுர்சியோ. குழம்பு கட்டிகட்டியாக இருந்தது. சோறு குழைந்திருந்தது.

“உக்காருங்க, மேஸ்திரி.”

அவள் குழம்பைக் கரண்டியால் குத்திப் பார்த்தாள். “இது என்ன, கலவையா? செங்கல் எங்க?”

“வேலையாளுங்க குறை சொல்லக் கூடாது. சாப்பிடுங்க.”

சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முதல் வாய் வைத்தபோது போன் அடித்தது. மகள்.

“அப்பா, கட்டில் போட்டாச்சு. எப்ப வர்றீங்க?”

“நான் எங்க வர்றது? வீட்டுல மேஸ்திரிக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடு, ஆறிடும்.”