பெரியண்ணி போட்ட பில்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க வேண்டும். சின்னண்ணி மருமகளாக வந்த பிறகு வாளி, போர்வை, செருப்பு எல்லாமே ஜோடி ஜோடியாகத்தான் வாசற்படி ஏறின. சின்னண்ணியின் ஜன்னலுக்குப் புதுத் திரை வந்தால், அந்த வாரமே பெரியண்ணியின் ஜன்னலுக்கும் வந்துவிடும், ஒரு சாண் நீளமாக.

"உன் ஜன்னல் சின்னதுடி. திரை தரையைக் கூட்டுது" என்பார் பெரியண்ணன்.

"கூட்டட்டும். எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்பாள் பெரியண்ணி.

பெரியண்ணி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. பிடித்து விடுவது, பிரித்து விடுவது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது, இவைதான் அதிகம் வரும். கொக்கி, பொத்தான் வேலை என்னுடையது. அவள் ஒட்டுப் போட்ட சட்டையை வாங்கிக்கொள்ள வருபவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்கம்மா கிழிஞ்சிருந்துச்சு?" என்று கேட்பார்கள். அவளுக்கு அது போதும். "சின்ன வேலைதானே, போட்டுக் குடு" என்று யாராவது சொல்லிவிட்டால் காசு கேட்க அவளுக்கு வாய் வராது. ஆனால் கிழிசலைக் கண்டால் இருப்புக் கொள்ளாது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலர் பிரிந்திருந்தால்கூட இவள் விரல்கள் ஊசியைத் தேடும்.

வெளிநாட்டில் இருக்கும் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணிகள் இருவரும் ஒத்தாசைக்குப் போனார்கள். அதற்காக இரண்டு துணிப் பெட்டிகள் வாங்கினோம், ஒரே கடையில், ஒரே அளவில். நீலம் பெரியண்ணிக்கு, பழுப்பு சின்னண்ணிக்கு. பணம் கொடுப்பதற்கு முன்னால் பெரியண்ணி இரண்டையும் முழம் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்த அன்று நானும் அண்ணன்களும் விமான நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தோம். பெரியண்ணி முதலில் வந்தாள். பெட்டியின் மேல் சால்வையைச் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் ஜிப்பிலிருந்து மூலை வரைக்கும் கிழிந்து, உள்ளே இருந்த பழைய உள்பாவாடை எட்டிப் பார்த்தது.

"உள்ளே விமானக் கம்பெனிக்காரங்ககிட்ட சொன்னியா?" என்றார் பெரியண்ணன்.

"இதை நாலு பேர் முன்னாடி விரிச்சுக் காட்டச் சொல்றீங்களா? நடங்க முதல்ல."

சின்னண்ணி வர வெகு நேரமாயிற்று. அவள் பெட்டியில் ஒரு சக்கரம் அடியோடு பெயர்ந்து போயிருந்தது. கம்பெனி ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி வந்திருந்தாள். "நில்லுங்கக்கான்னு சொன்னேன். கேட்டாத்தானே!" என்று காரில் ஏறும்போது சொன்னாள். பெரியண்ணி காதில் விழாததுபோல் சால்வையை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் காலையில் நான் பல் துலக்கி வருவதற்குள் நீலப் பெட்டி குளித்து முடித்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்ததும் உள்பக்கம் கெட்டித் துணி வைத்து, வளைந்த ஊசியில் நைலான் நூல் கோத்து உட்கார்ந்தாள். சாயங்காலம் நான் விரலால் தடவிப் பார்த்தேன். கிழிசல் இருந்த இடம் விரலுக்கும் தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

அந்தத் திருப்தி மூன்றாம் நாள் போயிற்று. கம்பெனியிலிருந்து ஒரு ஆள் சின்னண்ணிக்குப் புதுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். ரோஜா நிறம், வழவழவென்ற கெட்டி உடம்பு, நான்கு சக்கரம். ஒரு விரலால் தள்ளினால் போதும், தானே ஓடியது. சின்னண்ணி அதைப் பரணில் ஏற்றவில்லை. கூடத்தில் நடுவாக நிறுத்தினாள். சமையலறைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நானும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தேன். எனக்கென்று ஒரு பெட்டி கிடையாது, போவதற்கு இடமும் கிடையாது. இருந்தாலும் அது ஓடிய அழகு மனசைப் பிடுங்கியது.

பெரியண்ணி அதை ஒரு முறைகூட நேராகப் பார்க்கவில்லை. துணி வெட்டும்போது, கஞ்சி வடிக்கும்போது, ஓரக்கண்ணால் பார்த்தாள். அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் பலமானது. "சக்கரம் போனதுக்குப் புதுப் பெட்டி. வயிறே கிழிஞ்சதுக்கு ஒண்ணும் கிடையாது. நல்லா இருக்கு நியாயம்" என்று மிஷினிடம் சொன்னாள்.

"ஏழு நாளுக்குள்ள எழுதிக் குடுத்தா இன்னும் கேட்கலாமாம்க்கா" என்றாள் சின்னண்ணி கதவோரம் நின்று.

"எனக்குத் தெரியும்" என்றாள் பெரியண்ணி. தெரியாது.

மறுநாளே என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். விமானக் கம்பெனியின் அலுவலகம் ஒரு உயரமான கட்டடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஏசி குளிரில் பல் கிட்டியது. டை கட்டிய ஒரு இளைஞர் பெட்டியை மேஜை மேல் வைத்து நான்கு பக்கமும் திருப்பினார்.

"எங்கே மேடம் கிழிஞ்சிருக்கு?"

"இங்கேருந்து இது வரைக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "ஒண்ணும் தெரியலயே!"

பெரியண்ணியின் முகத்தில் பெருமையும் கோபமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "தெரியாது. நான் தைச்சுட்டேன்."

"தைச்சாச்சுன்னா அப்புறம் என்ன பிரச்சினை?"

"கிழிச்சது நீங்க. தைச்சது நான். அதான் பிரச்சினை."

"சேதம் கண்ணுக்குத் தெரியணும் மேடம். இல்லன்னா நான் என்னன்னு எழுதுறது?"

அண்ணி கைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். நான் "அண்ணி, வேண்டாம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவள் ஒரு நாள் முழுக்க முதுகு வலிக்கப் போட்ட தையலை, ஒவ்வொன்றாக நறுக்கி உருவினாள். கடைசி நூல் வந்ததும் பெட்டியின் வயிறு வாயைப் பிளந்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து படம் எடுத்தார்.

"இவ்வளவு பெரிசா?"

"என் ஓரகத்திக்கு மட்டும் புதுசு குடுத்திருக்கீங்க. ரோஸ் கலர்ல."

அவர் கணினியில் தேடினார். "அது சக்கரத்தோட அடித்தட்டே உடைஞ்சுபோச்சு. சரி பண்ண முடியாது. உங்களோடதைச் சரி பண்ணலாம். நீங்களே பண்ணிக் காட்டிட்டீங்க."

"அப்ப நல்லா தைச்சதுக்கு எனக்குத் தண்டனையா?"

"ரிப்பேர் பில் கொண்டு வாங்க. நியாயமா இருந்தா குடுத்துடுவோம்."

வீட்டுக்கு வந்ததும் மீண்டும் ஊசியைக் கோத்தாள். இம்முறை எனக்குக் கேட்கும்படி ஒவ்வொரு தையலுக்கும் கம்பெனியைத் திட்டினாள். முடித்ததும், அலமாரியின் அடியில் தூசி பிடித்துக் கிடந்த பில் புத்தகத்தை எடுத்தாள். கடை திறந்தபோது அண்ணன் அச்சடித்துக் கொடுத்தது. யாருக்கும் கிழித்துக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. வழக்கமாக ஒட்டுப் போட வாங்குகிற தொகையை எழுதினாள். இரண்டு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். எழுதியதை வெறித்துப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து சின்னண்ணி கூடம் பெருக்க வந்து, ரோஜாப் பெட்டியை ஒரு விரலால் நகர்த்தினாள். சர்ரென்று ஓடியது.

பெரியண்ணி அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கினாள். "நீ போய் மெயின் ரோடு பேக் கடைல கேட்டுட்டு வா. ஜிப்லேருந்து மூலை வரைக்கும் கிழிசல், தெரியாம தைக்கணும், எவ்வளவுன்னு கேளு."

கடைகளில் விலை கேட்பது எனக்கு எமகண்டம். போனேன். கடைக்காரர் முதலில், "தைச்சா நிக்காதும்மா. புதுசு வாங்கிடு" என்றார். நான் அப்படியே நிற்கவும், நீலப் பெட்டியின் விலையில் பாதிக்கும் மேல் ஒரு தொகை சொன்னார். "அதுவும் தையல் தெரியும். மிஷின் தையல்தான்" என்றார்.

நான் வந்து சொன்னதும் பெரியண்ணி பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தெருவுக்குத் தைத்துக் கொடுத்ததெல்லாம் அவள் கண் முன்னால் போயிருக்க வேண்டும். பிறகு கடைக்காரர் சொன்ன தொகையை எழுதினாள். அதற்குக் கீழே "கைத்தையல், தெரியாத தையல்" என்று எழுதி, இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"இது அநியாயம்டி" என்றார் பெரியண்ணன்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு ஓடுற பெட்டி வந்தப்ப நியாயமா இருந்துச்சா?"

அலுவலகத்தில் அந்த இளைஞர் பில்லை இரண்டு முறை படித்தார். "இது உங்க சொந்தக் கடையாச்சே மேடம்."

"ஆமா. எந்தக் கடைல வேணா விசாரிங்க. சந்தேகம்னா சொல்லுங்க, மறுபடி பிரிக்கிறேன்." கத்தரி வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். உபயோகிச்ச பெட்டிங்கிறதால கொஞ்சம் கழிச்சுக்கறோம்."

"பெட்டிதான் உபயோகிச்சது. என் தையல் நேத்து போட்டது. அதுல என்ன கழிப்பீங்க?"

பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். சில வாரத்தில் பணம் முழுசாக வந்தது.

அன்று சின்னண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்கும் காசா குடுத்திருக்கலாம். பெட்டியை வெச்சு நான் என்ன செய்யறது?" என்று சின்னண்ணனிடம் முணுமுணுத்தாள். பெரியண்ணி ரசித்து, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கடைச் சுவரில் விலைப்பலகை ஒன்று ஏறியது. "சின்ன வேலைதானே" என்று வந்தவர்களுக்கு அவள் வாயைத் திறக்காமல் பலகையைக் காட்டினாள். சிலர் சண்டை பிடித்தார்கள். சிலர் வேறு தெருவுக்குப் போய், அங்கே தைத்த கிழிசலோடு திரும்பி வந்தார்கள்.

ரோஜாப் பெட்டியைப் பார்ப்பதை மட்டும் அவளால் விட முடியவில்லை. துடைப்பத்தால் கூட்டும்போது அதன் மேல் ஒரு இடி விழும்.

போன மாதம் அந்தப் பெட்டியின் உள் துணி, ஜிப் ஓரமாகப் பிரிந்துவிட்டது. சின்னண்ணி அதை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பெரியண்ணி முதல்முறையாக அதைத் தொட்டாள். மூடியைத் திறந்து, பிரிந்த இடத்தை மெதுவாக, வெகு மெதுவாகத் தடவினாள். இவ்வளவு மட்டமான நூலா என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் கண் பளபளத்தது.

"சின்ன வேலைதான்க்கா" என்றாள் சின்னண்ணி.

பெரியண்ணி பில் புத்தகத்தை இழுத்து, தாளுக்கு அடியில் கார்பனைச் செருகினாள்.

"என்னக்கா, எனக்குமா பில்லு?"

"விமானக் கம்பெனியே குடுத்துச்சு. நீ குடுக்க மாட்டியா?"