லிட்டருக்குப் பதினெட்டு

வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனை யாரும் சுகமா என்று கேட்பதில்லை. ‘லிட்டருக்கு எத்தனை கிடைக்குது?’ என்றுதான் கேட்பார்கள். ஸ்டியரிங் பிடித்து வயிறு வளர்க்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் பத்து வருஷம் அம்பாசடர் ஓட்டிவிட்டு, இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வீட்டு வண்டிக்கு மாறினேன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் சுற்றுலா வண்டி. வாழ்நாளில் ஒரு சொட்டு டீசல் திருடாத என்னை அந்த வண்டி திருடனாக்கப் பார்த்தது.

சின்னக் கண்ணாடியில் பெரிய எண்

வெளிநாட்டில் ஓடி அலுத்துக் கப்பலேறி வந்த வண்டி அது. வாங்கியவர் மிளகு வியாபாரி ஹம்சா முதலாளி. நாங்கள் ‘இக்கா’ என்போம். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் பச்சை நிறத்தில் 18 என்று எரியும். பக்கத்தில் ஒரு L, ஒரு கோடு, 100 km. டீசல் டிரம் மாதிரி ஒரு சின்னப் படமும் உண்டு.

டீசல் படம் போட்டு ஓர் எண் இருந்தால் அது மைலேஜ்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நூறு எதற்கு என்று கேட்டேன். இக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நூறுல பறந்தாலும் லிட்டருக்குப் பதினெட்டு கிட்டும்னு அர்த்தம். வெள்ளைக்காரச் சாயிப்பு பொய் எழுதமாட்டான், முருகா!”

ஐம்பத்தாறு லிட்டர்

முதல் சவாரி தேக்கடி, மூணாறு சுற்றி நானூற்றைம்பது கிலோமீட்டர். திரும்பி வந்து டாங்க்கை நிரப்பினால் எண்பத்தொரு லிட்டர் பிடித்தது. பதினெட்டு வீதம் என்றால் இருபத்தைந்துதான் ஆகியிருக்க வேண்டும். மீதி ஐம்பத்தாறு எங்கே? இக்கா டாங்க் மூடியின் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயாக்கடையில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். எதிர்க்கரை வைப்பினில் மீன்பிடி போட்டு வைத்திருக்கிறவர்களுக்கு முருகன் டீசல் விற்கிறானாம். என் அப்பா முப்பது வருஷம் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். ஒரு விளக்குமாறுகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வேலை போனால் இன்னொன்று கிடைக்கும், பேர் போனால் மட்டாஞ்சேரியில் யார் வண்டி தருவார்கள்? சாவிதான் உங்களிடம் இருக்கிறதே, இனி எப்படித் திருடமுடியும் என்று இக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தபடி சொன்னார்: “அடியில பைப் உண்டல்லோ.”

நல்லா ஓட்டினால் குறையும்

சரி, ஓட்டத்தில் மிச்சம்பிடித்துக் காட்டுவோம் என்று அடுத்த சவாரியில் பூப்போல ஓட்டினேன். பிரேக்கைத் தொட யோசித்தேன், ஆக்சிலேட்டரை வருடினேன். கண்ணாடியில் எண் 17 ஆயிற்று, 16 ஆயிற்று, 15-ல் வந்து நின்றது. பதினெட்டு தந்த வண்டி என் கையில் பதினைந்துக்கு வந்துவிட்டதே! இக்கா பார்த்தால் அவ்வளவுதான்.

அடுத்த நாள் கோபத்தில் ஏறி மிதித்தேன். எண் மளமளவென்று ஏறியது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துமூன்று! அடடா, இந்த வண்டிக்கு முரட்டுத்தனம்தான் பிடிக்கும்போல என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், அடிமாலி மலைப்பாதை வளைவுகளை எல்லாம் விரட்டி விரட்டித் திருப்பினேன். பின்னால் படுத்திருந்த விருந்தினர்கள் ஏதேதோ பாஷையில் கத்தினார்கள். வண்டியில் சமையல்காரராக வந்த பேபிச்சேட்டன் மட்டும் அமைதியாகச் சொன்னார்: “மைலேஜ் கூடட்டும் முருகா, நல்லதுதான். ஆனா மீன்கறி இப்ப என் மடியிலாணு.”

ஜங்கார் வரிசை

வைப்பின் வழியாகச் செறாயி கடற்கரைக்கு ஒரு சவாரி. நான் யாருக்கு டீசல் விற்கிறேன் என்று கண்ணால் பார்த்துவிட இக்காவே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். காலையில் அவர் கையாலேயே டாங்க் நிரப்பி, கண்ணாடியில் பழைய கணக்கை அழித்துவிட்டுக் கிளம்பினோம். மூன்று கிலோமீட்டர் போயிருப்போம், கோட்டைக் கொச்சியில் வண்டிகளை ஏற்றிப்போகும் ஜங்கார் படகுக்கு நீண்ட வரிசை. விருந்தினர்களுக்கு ஏசி வேண்டும், அதனால் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டி நகரவில்லை. எண் மட்டும் ஏறியது. 20, 24, 29. ஜங்காரில் ஏறி, கப்பல் போகும் நீர்வழிக்கு நடுவில் நிற்கும்போது 36.

இக்கா கண்ணாடியையே முறைத்தார். பிறகு ஜன்னல் வழியாக டயரைப் பார்த்தார். “வண்டி நிக்குது. நின்னா எங்ஙனெடா மைலேஜ் கூடும்?” என்றார். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் கூடுவது ஒன்றே ஒன்றுதான், குடிக்கிற டீசல். வியாபாரி அல்லவா, அது அவருக்கே உறைத்தது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் அந்த எண். கூடினால் நஷ்டம், குறைந்தால் லாபம். உள்ளங்கையில் விரலால் நூறைப் பதினெட்டால் வகுத்தார். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர். எங்கள் பக்கத்து லாரிகளுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். முதல் சவாரியின் நானூற்றைம்பதுக்கு எண்பத்தொன்று, அச்சு அசலாகப் பொருந்தியது. என் நெஞ்சிலிருந்து யாரோ ஒரு மிளகு மூட்டையை இறக்கிவைத்தார்கள். கடல்காற்று அன்றைக்குத்தான் காற்றாகப் பட்டது.

அன்று மாலையே சாயாக்கடையில் ஏறி, அத்தனை பேர் முன்னாலும் இக்கா உரக்கச் சொன்னார்: “ஐம்பத்தாறு லிட்டரும் வண்டி தன்னே குடிச்சதாணு. எழுத்து வாசிக்கத் தெரியாம நான் ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகிச்சுப் போயி. முருகன் பொறுக்கணும்.”

வீட்டுக்காரி

வீட்டுக்கு ஓட்டமாகப் போய்க் கனகத்திடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சாமிப் படத்தின் முன்னால் கைகூப்பினாள், கண்ணைத் துடைத்தாள், எனக்கு இரண்டு ஆப்பம் கூடுதலாக வைத்தாள். ஊரே சந்தேகப்பட்டபோதும் நீ என்னை நம்பினாயே, அது போதும் என்றேன், மனம் நிறைந்துபோய். அவள் ஆப்பச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பின்னே நம்பாம? கட்டிலுக்கடியில, பரண்ல, கிணத்தடியில எல்லாம் ரெண்டு தடவை தேடினேன், ஒரு டீசல் கேன்கூடக் கிடைக்கலியே.”

இக்காவையும் வண்டியையும் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், கனகத்தை மன்னிக்கத்தான் இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.