திறக்காத பெட்டி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறேன். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் அப்பா அந்த வயதைப் பார்க்கவே இல்லை.

என் கணவர் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் ஊர்க்காரர். துறைமுகத்தில் லோரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், நிரந்தர வேலை என்று ராணுவத்தில் சேர்ந்தார். வடக்கே எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். லீவில் வந்தால் தூங்கிக்கொண்டே இருப்பார். காட்டைப் பற்றிக் கேட்டால், "அட்டை கடிக்கும் லா, வேற என்ன" என்பார்.

நான் கர்ப்பமாக இருந்தபோது கண்ணிவெடியை மிதித்துவிட்டார் என்று செய்தி வந்தது. ராணுவ லோரியில் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றான் கூட வந்த தமிழ்ச் சிப்பாய்.

"மொகத்த மட்டும் பாத்துக்கிறேன் தம்பி," என்றார் என் மாமியார்.

"வேணாம்மா."

"அப்ப கையக் காட்டு. சின்னதுல கதவுல நசுங்குன வெரலு. பாத்தா தெரிஞ்சிரும்."

அவன் தரையைப் பார்த்தபடி, "கையும் இல்லம்மா" என்றான்.

அத்தை அழவில்லை. அப்படியே அடக்கம் செய்தார்கள்.

கருமாதியன்று என் பொட்டை அழிக்கவும் தாலியைக் கழற்றவும் சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். அத்தை நடுவில் வந்து நின்றார். "எம்புள்ளய நான் பாக்கல. செத்தது அவன்தான்னு நானே ஒத்துக்கல. இவ மேல கைய வைக்க நீங்க யாரு?"

அன்று அவர் காலில் விழுந்து கும்பிடத் தோன்றியது எனக்கு.

மகள் பிறந்தாள். அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, நான் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அங்கே கூட வேலை செய்தவர் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், தன் அக்காவைப் பெண் கேட்டு அனுப்பினார். எனக்கும் சம்மதம்தான். அதை வாய் திறந்து சொல்வதற்குள் அத்தை அந்த அக்காவுக்குத் தேநீர் கொடுத்து, "புருசன் இருக்கறவளக் கேக்கலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டு அனுப்பிவிட்டார். கருமாதியன்று பார்த்த அதே முகம், அதே குரல். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அத்தை இருக்கும்வரை என் கணவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. அத்தை போன மறுவருடம்தான் கடற்கரைக்குப் போனோம். இறந்த நாளை ஐயர் கேட்டார், சொன்னேன். பிறகு, "எப்படி இறந்தார்?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். "சண்டையில" என்றேன். கண்ணிவெடி என்று அவர்கள் சொன்னதற்குமேல் எனக்கும் எதுவும் தெரியாது. அவள் எள்ளும் தண்ணீரும் விட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் வலித்ததால் அங்கிருந்த கல் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன்.