மனைவி சொன்ன ஆல்தோ

ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவன் நான்தான். ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். பெங்களூர்க்காரர்கள் வந்து ஆங்கிலத்தில் கேட்டால் எனக்கு வாய் எழாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஞாயிறுதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. சேர்ந்தேன்.

"ஞாயித்துக்கெழம வீட்ல இன்னா பண்ணப்போறேன், நானும் வரேங்க" என்றாள் மனைவி. துணைக்குத்தானே என்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நான்தான் முந்தினேன். வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. எனக்கு 'அண்ட்' ஒன்றுதான் பழகியது. மழை பெய்தது அண்ட் நனைந்தேன் அண்ட் காய்ச்சல் வந்தது, இப்படியே போவேன். அவளோ பிகாஸ், அன்லெஸ், அன்டில் என்று விளாசினாள்.

ஒருநாள், பக்கத்தில் இருப்பவரைப் பற்றி 'ஆல்தோ' வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் சார். நான் எழுந்தேன்.

"ஆல்தோ ஷி இஸ் ஸ்மால், பட் ஷி இஸ் ஸ்ட்ராங்."

"ஆல்தோ வந்தா பட் வேணாங்க. ரெண்டுல ஒண்ணு போதும்" என்றார் சார்.

அடுத்து அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆல்தோ ஹி இஸ் டயர்ட், ஹி கம்ஸ் எவ்ரி சண்டே பிகாஸ் ஹி வான்ட்ஸ் டு லேர்ன்."

ஒரே வாக்கியத்தில் இரண்டு இணைப்பு! சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. அவள் என்னைத்தான் புகழ்ந்திருக்கிறாள் என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

எங்கள் ஊரான சேவூருக்குத் திரும்பும்போது வண்டியை விரட்டினேன்.

"இன்னாங்க, மூஞ்சத் தூக்கிகினு வரீங்க? உங்களப் பத்தி நல்லாத்தான சொன்னேன்?"

"அத யாரு கேட்டா?"

அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். தனியாகப் போகமாட்டாள் என்று நினைத்தேன். டவுன் பஸ் பிடித்துப் போய்விட்டாள். மதியம் 'வேர்அஸ்' என்று ஒரு புது இணைப்புச் சொல்லோடு வந்து, சோறு போட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரர் யாரிடம் சொன்னாரோ, எங்கள் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது.

"உன் வீட்டம்மா நல்லா இங்கிலீஷ் பேசுவாங்களாமே? பெங்களூர்க்காரங்களுக்கு வீடியோ கால்ல சேலை காட்டிப் பேச வரச்சொல்லுப்பா."

இப்போது அவள் போனைப் பார்த்துப் பேசுகிறாள். நான் சேலைகளை எடுத்து விரிக்கிறேன். போன வாரம் ஒரு பெங்களூர் அம்மாள், விரிப்பவர் யார் என்று கேட்டார்.

"மை ஹஸ்பண்ட்" என்றாள் இவள், முகமெல்லாம் மலர்ந்து.

நானும் போனைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். பொறாமை மட்டும் போகவில்லை. அடுத்த சேலையை எடுக்க உள்ளே போய், அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நேரத்தைக் கடத்தினேன்.

"ஜல்தி வாங்க, அந்தம்மா லைன்ல கீறாங்க" என்று வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.