பீன்ஸ் செடிக்குப் பை மாட்டிய குளிர்காலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். குடியிருப்புக்குப் பின்னால் பீன்ஸ் போட்டிருந்தேன். ஜனவரி உறைபனிக்குப் பெரணித் தழை வெட்டி மூடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருடம் எனக்கு வேறு யோசனை வந்தது. ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்கள் வீசிய பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கிக் கழுவினேன். அலுவலக பஞ்சிங் மெஷினில் ஓரத்தில் இரண்டு துளை போட்டு, செடிக்கு ஒன்றாகக் கவிழ்த்து, நூல் கோத்துக் குச்சியில் கட்டினேன். மொத்தம் நாற்பத்தெட்டு.

மறுநாள் விடியும் முன்பே ஓடிப் பார்த்தேன். புல்லெல்லாம் வெள்ளை. பைக்குள் மட்டும் பச்சை! டைரியில் மூன்று ஆச்சரியக்குறி போட்டேன். அதற்கு முன் ஒன்றுகூடப் போட்டதில்லை.

சரிவில் எனக்குக் கீழ்த்தட்டு நிலத்தில் காரட் போட்டிருந்த பக்கத்து வீட்டம்மா வேலியோரம் நின்று சிரித்தார்.

"என்ன சார், செடிக்கெல்லாம் தொப்பி மாட்டி விட்டிருக்கீங்க? பள்ளிக்கூடம் அனுப்பப் போறீங்களா?"

"சிரிக்காதீங்கம்மா. ஒரு செடி கருகுதான்னு பாருங்க."

கருகவில்லை. காய் பறித்து முடிந்ததும் பைகளை வாய்க்கால் கரையில் குவித்து மேலே கல் வைத்தேன். 'நாற்பத்தெட்டும் பத்திரம்' என்று டைரியில் எழுதினேன்.

அக்டோபரில் அடைமழை. மூன்றாம் நாள் காலை அந்த அம்மாவின் கூச்சல் கேட்டது.

"சார், வெரசா வாங்க! வாய்க்கா ஏறிக் கெடக்கு, காரட்டு பூரா போகுது!"

மறுநாள் லாரியில் ஏற்ற வேண்டிய காரட். பாதைக்கு அடியில் போகும் சிமெண்ட் குழாய் அடைத்து, தண்ணீர் அவர் பாத்திகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மண்ணோடு கிழங்கும் பெயர்ந்து சரிந்தது. நான் வாய்க்காலில் இறங்கிக் குழாய்க்குள் கையை விட்டேன். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் பை. அதன் பின்னால் இன்னொரு பை, சேறும் சருகும் பிடித்துத் தடித்து. அவர் மறுமுனையில் மண்வெட்டிக் காம்பால் குத்தினார். திடீரென்று பெரிய உறுமல்! தண்ணீர் என் முழங்காலைத் தள்ளிக்கொண்டு குழாய்க்குள் பாய்ந்தது. இருவரும் கத்தினோம்.

ஐந்து பாத்தியில் மூன்று தப்பியது.

அவர் ஒரு பையை விரித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரே அளவில் இரண்டு துளை.

"சார், இது உங்க பிள்ளைகளோட தொப்பில்ல?"

"ஆமாம்மா. என்னுதுதான்."

அன்று முழுக்க அவரோடு சேர்ந்து காரட் பிடுங்கினேன். குழாயிலிருந்து வந்தவை முப்பத்தொன்று, கரையில் ஒன்றுமில்லை. மறுநாள் லாரி கிளம்பியதும் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதிப் பதினேழைத் தேடி வாய்க்கால் போய்ச் சேரும் ஓடையோரமாகக் கீழே இறங்கினேன். முதல் வளைவிலேயே ஒன்று முள்ளில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.